கொம்பேறி மூக்கன்: தோப்பில் வாழும் நஞ்சற்ற பாம்பு

தென்னந்தோப்பிலோ வேலியோரத்திலோ கொம்பேறி மூக்கன் கண்ணில் பட்டால், அதை அடித்துக் கொன்ற பிறகே மறுவேலை பார்ப்பது பல கிராமங்களில் வழக்கம். கடிபட்டவர் இறந்து, உடல் எரியும் புகையைக் காணும் வரை இப்பாம்பு சுடுகாட்டு மரத்தின் உச்சியில் காத்திருக்கும் என்று நம்பப்படுவதே இதற்குக் காரணம். உண்மையில் கொம்பேறி மூக்கனுக்கு நஞ்சு கிடையாது. மற்றப் பாம்புகளைப் போலவே உடலுக்குச் சூடேற்றிக் கொள்ளத்தான் அது வெயில் படும் கிளையில் படுத்திருக்கிறது.

உருவ அமைப்பு

இது சுமார் ஒரு மீட்டர் நீளமுள்ளது. சாட்டை போல் மெலிந்த உடலும், நீண்ட வாலும், பெரிய கண்களும் உடையது. முதுகில் வெண்கல நிறப் பட்டை ஓடும். அச்சமுற்றால் கழுத்தை உப்ப வைக்கும். அப்போது செதில்களுக்கு இடையே இளநீல நிறம் தெரியும். வயிற்றுச் செதில்களின் இரு ஓரங்களிலும் உள்ள விளிம்பு மரப்பட்டையைப் பற்றிக் கொள்ள உதவுவதால், செங்குத்தான மரத்திலும் விரைந்து ஏறும். கிளை விட்டுக் கிளை தாவவும் செய்யும்.

உணவும் இனப்பெருக்கமும்

இது பகலில் இரை தேடும் பாம்பு. ஓணான், பல்லி, தவளை ஆகியவை இதன் முக்கிய உணவு. சில சமயம் பறவை முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்ணும். வயல் எலிகளைப் பிடித்து விவசாயிக்கு உதவுவது சாரைப்பாம்பே. கொம்பேறி மூக்கனிடம் அந்த வேலையை எதிர்பார்க்க இயலாது. ஆனால் இதனால் பயிருக்கோ, கால்நடைக்கோ, ஆளுக்கோ கேடு இல்லை. மரப்பொந்துகளிலும் மக்கிய சருகுகளிலும் முட்டையிடும்.

பச்சைப் பாம்பு

கண்கொத்திப் பாம்பு எனப்படும் பச்சைப் பாம்பும் மரவாசிதான். கொடி போல் மெலிந்து, கூரிய மூக்குடன் இருக்கும். முட்டையிடாமல் குட்டி ஈனும். கண்ணைத் தேடிக் கொத்தும் என்பது தவறான நம்பிக்கை. இதன் பின்பற்களில் சிறிதளவு நஞ்சு உண்டு. அது பல்லி, ஓணானை அடக்கப் போதுமே தவிர, மனிதருக்கு வலியும் வீக்கமும் தருவதோடு சரி.

மேற்குத் தொடர்ச்சி மலையில் தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களில் வேலை செய்வோர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். அங்குள்ள மூங்கில் குழிவிரியனும் பச்சை நிறமே. ஆனால் அதன் உடல் தடித்தும், தலை முக்கோண வடிவில் அகன்றும் இருக்கும். அது நஞ்சுள்ளது.

விவசாயிகள் கவனத்திற்கு

மரம் ஏறுவோருக்குக் கொம்பேறி மூக்கனின் கடியைவிட, அதைக் கண்டு பதறிக் கைப்பிடியை விடுவதே பேராபத்து. அசையாமல் இருந்தால் அது தானே விலகிப் போகும்.

மற்றொன்றும் முக்கியம். நஞ்சற்ற பாம்பு கடித்தவருக்கு மந்திரித்தாலும் பிழைப்பார், மந்திரிக்காவிட்டாலும் பிழைப்பார். மந்திரம்தான் காப்பாற்றியது என்று ஊரார் எண்ணிவிட்டால், பிறகு நாகமோ கட்டுவிரியனோ கடித்தாலும் முதலில் மந்திரவாதியைத் தேடுவார்கள். அந்தத் தாமதமே உயிரைப் பறிக்கிறது.

ஆகவே கடித்த பாம்பு எது என்று உறுதியாகத் தெரியாதபோது, அதை நஞ்சுள்ளதாகவே கொள்ள வேண்டும். கடிவாயைக் கீறவோ, உறிஞ்சவோ, இறுகக் கட்டவோ கூடாது. மோதிரம், வளையல், கொலுசு ஆகியவற்றைக் கழற்றி, கடிபட்ட கை கால்களை அசைக்காமல் வைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் உடனே நஞ்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.