வழுக்குவது கிளட்ச்சா, டயரா?

கேள்வி: ஐயா, என்னுடைய 1.3 லிட்டர் டீசல் காரை ரிமேப் செய்து டிராக் ரேஸுக்குத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். நெய்யாற்றின்கரை மெக்கானிக், 'கிளட்ச் போயாச்சு, மாத்தணும்' என்கிறார். களியக்காவிளைக்காரரோ, 'கிளட்ச் நல்லாத்தான் இருக்கு, டயர்தான் சும்மா சுத்துது' என்கிறார். ஓ.பி.டி. கருவியை மாட்டி போனில் பதிவு எடுத்தேன். கிளம்பும்போது 30 சதவீதம் ஸ்லிப் வருகிறது. யார் சொல்வதை நம்புவது?
– வாசகர், பாறசாலை

பதில்: இப்போதைக்கு இருவரையும் நம்ப வேண்டாம். அந்த 30 சதவீதத்தை அறவே நம்ப வேண்டாம். கார் நிற்கிறது, இன்ஜின் சுற்றுகிறது என்றால் அந்தக் கணத்தில் ஸ்லிப் 100 சதவீதம். அங்கிருந்து பூஜ்யத்துக்கு இறங்குவதுதான் கிளட்ச்சின் வேலையே. நடுவில் ஏதோ ஒரு கணத்தில் 30 வந்தே தீரும். கிளம்பும்போது வழுக்குவது குற்றமில்லை. ஒட்டிய பிறகும் வழுக்கினால்தான் கவலை.

ரிமேப் செய்த டீசலில் அது எங்கே தெரியும்? டார்க் உச்சத்தைத் தொடும் 2000 முதல் 2800 ஆர்.பி.எம்.முக்குள், மூன்றாவது, நான்காவது கியரில் தெரியும். கியர் விகிதத்தைத் தேடி அலைய வேண்டாம். மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்து ஓட்டுங்கள். 40 கி.மீ. வேகத்தில் 1400 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கி.மீ. வேகத்துக்கு 35 சுற்று. 80 கி.மீ.யில் 2800 வர வேண்டும். முழுதாக மிதிக்கும்போது அதே 80-ல் 3080 காட்டினால் 280 சுற்று எங்கோ கழன்றிருக்கிறது. 280-ஐ 3080-ஆல் வகுத்தால் 9 சதவீதம். ஒட்டிய கிளட்ச்சில் இது அதிகம்.

'எங்கோ' என்று சொல்லக் காரணம் உண்டு. வேகத்தை ஜி.பி.எஸ்.ஸிலிருந்து எடுத்தால் டயர் சும்மா சுற்றியதும் கிளட்ச் கணக்கில் ஏறிவிடும். உங்கள் கார் முன்சக்கர இழுவை. முன்சக்கர வேகத்தையும் பின்சக்கர வேகத்தையும் ஒப்பிட்டால் டயர் வழுக்கியது தெரியும்; இன்ஜினையும் முன்சக்கரத்தையும் ஒப்பிட்டால் கிளட்ச் வழுக்கியது தெரியும். இரண்டு முன்சக்கரங்களின் சராசரியை எடுங்கள். டிஃபரன்ஷியல் இருப்பதால் ஒன்று மட்டும் தனியாகப் பறக்கும். ஏ.பி.எஸ். இருந்தால் நான்கு சக்கரங்களின் வேகமும் ஏற்கெனவே வண்டிக்குள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. வண்டியின் கணினிகளை இணைக்கும் கேன் வயரிலிருந்து அதை நேரே படிக்கும் பதிவுக் கருவி (லாகர்) போதும். ஏ.பி.எஸ். இல்லையென்றால் சக்கரத்துக்கு ஒரு ஹால் சென்சாரும் சில காந்தங்களும் வேண்டும்.

ஓ.பி.டி.யின் கோளாறு வேறு. அது வேகத்தை முழு எண்ணாக மட்டுமே தரும். 40-ல் ஒரு கி.மீ. என்றாலே இரண்டரை சதவீதம். அதோடு, ஆர்.பி.எம்.மையும் வேகத்தையும் பெரும்பாலும் ஒரே நேரத்தில் கேட்காது, ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். முதல் கியரில் இன்ஜின் நொடிக்கு 2000 சுற்று ஏறும்போது கால் நொடியில் கால்பங்கு தாமதம் கூட 100 சுற்றுக்கு மேல் பொய் சொல்லும்.

பதிவு கைக்கு வந்ததும் சதவீதத்தைவிட கோட்டின் வடிவத்தைப் பாருங்கள். கியர் மாற்றிய உடனே இன்ஜின் கோடும் முன்சக்கரக் கோடும் ஒரு கணம் விலகிச் சேரும், அது இயல்பு. சேர்ந்தவை டார்க் உச்சத்தில் மட்டும் மறுபடி பிரிந்தால் பிரஷர் பிளேட்டின் அழுத்தம் போதவில்லை. முதல் ஓட்டம் சுத்தமாக இருந்து மூன்றாவதில் பிரிந்தால் சூடு. 150 நியூட்டன் மீட்டர், சராசரி 2000 சுற்று வித்தியாசம், ஒரு நொடி என்றால் ஒரே கிளம்பலில் சுமார் 31 கிலோ ஜூல் அந்தத் தகட்டில் இறங்குகிறது. லேசாக மிதித்தாலே பிரிந்தால் ரிமேப்பைத் திட்டாதீர்கள். கிராங்க் சீல் கசிந்து தகட்டில் ஆயில் பட்டிருக்கலாம், அல்லது பெடலில் ஃப்ரீ ப்ளே இல்லாமல் இருக்கலாம்.

அமெரிக்காவின் டாப் ஃபியூயல் டிராக் ரேஸ் கார்களில் கியர்பாக்ஸே கிடையாது. பல தகடு கிளட்ச்சை வேண்டுமென்றே வழுக்கவிட்டுத்தான் 1000 அடி ஓட்டத்தைத் தொடங்குகிறார்கள். அங்கே லாகர் பதிவு மட்டும் செய்யலாம், வண்டியைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பது விதி. இன்ஜின் கோடும் டிரைவ்ஷாஃப்ட் கோடும் எந்த இடத்தில் சேர்கின்றன என்று பார்த்து அடுத்த ஓட்டத்துக்குக் கிளட்ச்சை மாற்றி அமைப்பார்கள். உங்களுக்கும் அதே இரண்டு கோடுகள்தான்.

கேள்வி: காரோடு ஊர்ப் பக்கத்து பைபாஸ் நேர்கோடாக, கான்கிரீட்டில் இருக்கிறது. ராத்திரி வண்டி குறைவு. அங்கே சோதித்துப் பார்க்கலாமா?
– இன்னொரு வாசகர், உதியன்குளங்கரை

பதில்: கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவு பொதுச் சாலையில் அரசின் எழுத்து அனுமதியில்லாமல் ரேஸும் வேகச் சோதனையும் நடத்துவதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். விளக்கில்லாமல் குறுக்கே வரும் ஸ்கூட்டர்காரருக்கு உங்கள் லாகர் எதுவும் சொல்லாது.

மூன்றாவது கியர் சோதனையை, வண்டி நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும் டைனோவில் செய்யுங்கள். அங்கே ஜி.பி.எஸ். பூஜ்யம் காட்டும், சக்கர சென்சார்தான் கைகொடுக்கும். கிளம்பும் சோதனைக்குக் கோவை செட்டிப்பாளையத்தின் கரி ஸ்பீட்வே உண்டு. சென்னை இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் பந்தயப் பாதை இருக்கிறது. பந்தயப் பாதையை வாடகைக்கு விடும் நாளைக் கேட்டு, நாலைந்து பேர் செலவைப் பகிர்ந்துகொண்டு போங்கள். ஒரு ஓட்டம் கிளட்ச் ஆறியபின், ஒன்று சூட்டோடு. இரண்டுக்கும் ஒரே டயர் காற்றழுத்தம்.