திறந்த பசைக்குழாயைக் காத்தல்

பூம்பாறையில் தகரக் கூரையின் ஆணித்துளை ஒழுகினால் பரணிலுள்ள மலைப்பூண்டு கெடும். துளையை அடைக்கச் சிலிக்கோன் பசைக்குழாய் வாங்குகிறோம். சிறிதளவே செலவாகிறது, எஞ்சியது மறுமுறைக்குள் ரப்பராய் இறுகிவிடுகிறது.

வெயிலே காரணமென்று கருதிக் குழாயை நிழலில் வைப்பாருளர். அது போதாது. இப்பசை காற்றிலுள்ள ஈரத்தை ஏற்றே இறுகுவது. மூடுபனி சூழும் நம் மலையில் ஈரத்துக்குப் பஞ்சமேது! ஆகவே, வேலை முடிந்ததும் மூக்கு நுனியில் கால் அங்குலப் பசை வெளியே நிற்க விட்டு, பாலிதீன் தாளைக் காற்றுப் புகாவண்ணம் சுற்றி நூலால் இறுகக் கட்டுதல் வேண்டும். நுனிப்பசை இறுகித் தானே தக்கையாகும். மறுமுறை அதனை ஒரு திருகாணி கொண்டு இழுத்தெடுக்கலாம். வெறும் ஆணியைச் செருகிவைத்தால் அதன் பக்கமாய் ஈரம் நுழையும்.

பஞ்சாயத்துக்கு மொத்தமாக வாங்குவோர் காலாவதி நாளையும் நோக்குக. நாட்பட்ட பசை துளையில் இறுகாமலே கிடக்கவுங்கூடும்.