லயத்துக்கு ஜெனரேட்டர் கொண்டுவரும் முன்

தென்மேற்குப் பருவமழை இறங்கினால் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் மரம் முறிந்து கம்பியில் விழும், கரண்ட் போகும். 2016 மே மாதம் அரநாயக்கவில் நடந்ததுபோல் மண்சரிவும் சேர்ந்தால், பாதை திறந்த பிறகுதான் மின்சார சபை ஆட்கள் வந்துசேர முடியும். அப்போது வாடகைக்கோ கடனுக்கோ ஒரு சின்ன பெற்றோல் ஜெனரேட்டர் லயத்துக்கு வந்துவிடுகிறது.

அதோடு வரும் ஒரு வயரைத்தான் நான் முதலில் பார்ப்பேன். இரண்டு முனையிலும் ப்ளக் பூட்டி, ஒன்றை ஜெனரேட்டரிலும் மற்றதைச் சுவர் சொக்கட்டிலும் சொருகும் வயர். அதை உடனே வெட்டிப் போடுங்கள். ஒரு முனை கழன்றால் வெளியே தெரியும் பின்னில் 230 வோல்ட் இருக்கும். அதைவிட மோசம், மெயின் சுவிட்ச் ஓனில் இருந்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியே தூணுக்கு ஏறும். ட்ரான்ஸ்போமர் தலைகீழாக வேலை செய்து அதை 33,000 வோல்ட் வரை உயர்த்தலாம். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி, மழையில் தூணில் ஏறியிருப்பவர் யாரோ ஒருவரின் அப்பா. மெயினை ஓஃப் செய்துவிட்டால் போதும் என்பார்கள். இருட்டில் பிள்ளையொன்று அதைத் தட்டிவிட எவ்வளவு நேரமாகும்?

வீட்டு வயரிங்கில் இணைக்கத்தான் வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்றே வழி. சபை, ஓஃப், ஜெனரேட்டர் என மூன்று நிலை இருக்கவேண்டும். லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். தகுதியுள்ள மின்னியலாளரே அதைப் பூட்டட்டும். எர்த் பற்றி அவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஜெனரேட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சரியாக இணைக்கப்படாவிட்டால் ட்ரிப் சுவிட்ச் எதிர்பார்த்தபடி விழாது. டெஸ்ட் பட்டனுக்கு விழுகிறதே என்று திருப்திப்பட முடியாது. அது சுவிட்ச் அசைகிறதா என்பதை மட்டுமே காட்டும்.

பெரும்பாலான லயக் காம்பராக்களுக்கு இவ்வளவு செலவு தேவையில்லை என்பது என் எண்ணம். ஜெனரேட்டரிலிருந்தே தடித்த எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஃப்ரிட்ஜ், இரண்டு பல்ப், போன் சார்ஜரை நேரடியாகப் போடுங்கள். 2 கேவிஏ இயந்திரம் சுமார் 1,600 வாட்ஸ்தான் தாங்கும். மின்கேத்தல் ஒன்றே 2,000 வாட்ஸ் இழுக்கலாம். தண்ணீரை அடுப்பில் வையுங்கள்.

வைக்கும் இடம் உயிர்ப் பிரச்சினை. மழைக்குப் பயந்து இஸ்தோப்பில் வைக்கவே கூடாது. பல லயங்களில் நடுச்சுவர் கூரைவரை எழும்பியிருக்காது. உங்கள் புகை பக்கத்துக் காம்பராத் தொட்டிலுக்குப் போய்விடும். அதிலுள்ள கார்பன் மோனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கதவு, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீற்றர் தள்ளி, நாலு பக்கமும் திறந்த தகரப் பந்தலின் கீழே, புகைக்குழாய் லயத்துக்கு எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். யாருக்காவது தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் எல்லோரையும் வெளியே கொண்டுவந்து, 1990 சுவசெரியவைக் கூப்பிடுங்கள்.

சாமான்களைப் பூட்டாமல் இயந்திரத்தை ஸ்டார்ட் செய்து சற்று ஓடவிடுங்கள். பிறகு முதலில் ஃப்ரிட்ஜ், அப்புறம் மற்றவை, ஒவ்வொன்றாக. நிறுத்தும்போது சாமான்களை முதலில் ஓஃப் செய்யவேண்டும். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெற்றோல் ஊற்றாதீர்கள். படுக்கப் போகுமுன் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள்.