நல்ல மீன்கடையை அறிவது எப்படி?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., விலங்கியல்)

மீன் வாங்குவது குழம்புக்கே என்றிருந்த எங்கள் வீட்டில், சென்ற ஆண்டு நான்கு தங்கமீன்களைக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தேன். ஏழாம் நாள் நான்கும் இறந்தன. "தண்ணி தெளிவாத்தானே இருக்கு?" என்ற அம்மாவின் கேள்விக்கு விலங்கியல் மாணவனாகிய என்னால் விடை கூற இயலவில்லை. அவ்விடையைத் தேடி மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய பகுதிகளின் கடைகளில் ஏறி இறங்கினேன். அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

மீன்கள் செவுள்கள் வழியே அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. அது நிறமற்ற நஞ்சு. ஆகவே தெளிந்த நீரும் கொல்லும். ஒருவகைப் பாக்டீரியங்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதுத் தொட்டியில் இவை பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். எனவே நல்ல கடைக்காரர் விலை கூறுமுன், தொட்டி எவ்வளவு பெரியது, வைத்து எத்தனை நாளாயிற்று என்று வினவுவார். குழாய்நீரின் குளோரினைப் போக்கச் சோடியம் தயோசல்பேட் கலக்கவும் சொல்லித் தருவார்.

இரண்டாவது, நோய்க்காப்பு. அழகுமீன் வணிகத்துக்குப் பெயர்பெற்ற கொளத்தூரிலிருந்து வந்தாலும், வேறிடத்திலிருந்து வந்தாலும், புது மீன்களைச் சில நாள் தனித்தொட்டியில் வைத்துப் பார்ப்பதே முறை. வெண்புள்ளி நோயை உண்டாக்கும் ஒருசெல் உயிரி நீராலும் நனைந்த வலையாலும் பரவும். ஆகவே தொட்டிக்கொரு வலை உண்டா என்று பாருங்கள். துடுப்பை மடக்கி ஒதுங்கும் மீனும், அகற்றப்படாத செத்த மீனும் உள்ள கடையை விட்டு அகல்வது நலம்.

மூன்றாவது, மீனின் வளர்ச்சியை மறைக்காமை. விரலளவில் விற்கப்படும் 'சக்கர்' மீன் ஓரடிக்கு மேலும் வளரும். இடம் போதாமல் வெளியே விடப்படும் இத்தென்னமெரிக்க மீன், இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் பெருகி நம் மீன்களுக்கு இடையூறாகிறது.

அடையாற்றில் ஒரு பெரியவர், "கிண்ணமா? அப்படின்னா மீன் வேணாம் தம்பி" என்றார். தம் தொட்டியின் பழைய வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டைக் கொடுத்து, "பெரிய தொட்டியா வச்சு இதைப் போடுங்க. தெனம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவைத்தார். அன்று அவருக்கு விற்பனை இல்லை. இன்று எங்கள் தொட்டியில் நீந்துபவை அனைத்தும் அவரிடம் வாங்கியவையே. அம்மாவின் கேள்விக்கும் விடை கூறிவிட்டேன்.