இராஜஸ்தானத்து விழாக்களும் சந்தைகளும்

ஒரு நாட்டின் விழாக்களை அறியப் புகுவோர் முதற்கண் அந்நாட்டின் மழையை அறிதல் வேண்டும். மழை எத்திங்களில் பெய்யும், கதிர் எப்பொழுது முற்றும், மேய்ச்சலுக்குச் சென்ற ஆநிரை எப்பொழுது மீளும் என்பவற்றைக் கொண்டே பண்டை மக்கள் தம் விழாநாள்களை வகுத்தனர். புராணக் கதைகள் அவ்விழாக்களுக்கு உயிரூட்டின. நிலமும் பொழுதும் அவற்றுக்கு உடல் தந்தன. மழை வளம் மிக்க நாட்டில் இத்தொடர்பு எளிதிற் புலப்படாது. மழை அரிதாகிய நாட்டில் அது வெள்ளிடைமலையாகத் தோன்றும். அத்தகைய நாடு வட இந்தியாவின் மேற்கெல்லையில் உள்ள இராஜஸ்தான்.

நாடும் காலமும்

முன்னர் இராஜபுதனம் என வழங்கிய இந்நிலப்பகுதியில் சுதேச அரசுகள் பல இருந்தன. அவை படிப்படியாக ஒன்றிணைந்தன. 1949 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 30 ஆம் நாள் பேரரசுகளான ஜெய்ப்பூர், ஜோத்பூர், பிக்கானேர், ஜெய்சல்மேர் என்பன சேர்ந்தமையால் அந்நாளே நெடுங்காலம் இராஜஸ்தான் நாளாகக் கொண்டாடப்பட்டு வந்தது. 1956 இல் அஜ்மீரும் இதனுடன் சேர்ந்தது. இதன் பரப்பு 342,239 சதுர கிலோமீற்றர். 2000 ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தினின்றும் சத்தீஸ்கர் பிரிந்த பின்னர், பரப்பளவால் இந்திய மாநிலங்களுள் முதலிடம் பெற்றது இதுவே. ஆரவல்லி மலைத்தொடர் வடகிழக்கிலிருந்து தென்மேற்காக இந்நாட்டை ஊடறுத்துச் செல்கின்றது. அதற்கு மேற்கே தார்ப் பாலைவனமும் அதனைச் சார்ந்த வறண்ட புல்வெளிகளும் பரந்து கிடக்கின்றன. அங்கே ஊருக்கும் ஊருக்கும் இடைத்தூரம் மிகுதி. ஆண்டின் பெரும்பகுதியை மந்தையுடன் கழிக்கும் மக்கள் தம் உறவினரைக் காண்பதும், பெண் கொள்வதும் கொடுப்பதும், விலங்கு விற்பதும் வாங்குவதும், நேர்த்திக்கடன் செலுத்துவதும் ஒரே இடத்தில் ஒரே காலத்தில் நிகழவேண்டியனவாயின. ஆதலின் இங்கே விழாவும் சந்தையும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறந்தன. இரண்டையும் சேர்த்தே ‘மேளா’ என்பர்.

இவ்விடத்து மாணாக்கர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நாம் ஞாயிற்றின் செலவைக் கொண்டு மாதங்களைக் கணிப்போம். இராஜஸ்தான் மக்கள் விழாக்களுக்குத் திங்களின் செலவைக் கொள்வர். அவர்களுடைய மாதம் பூரணையில் முடியும். எனவே அவர்களுடைய கார்த்திகப் பூரணை நமக்குச் சில ஆண்டுகளில் ஐப்பசியிலும், சில ஆண்டுகளில் கார்த்திகையிலும் வரும்.

தீஜ் எனும் தொடக்கம்

தீஜ் விழாக்களைக் கொண்டு வருகின்றது, கணகௌர் அவற்றைத் தன்னுடன் நீரில் அமிழ்த்திச் செல்கின்றது என்னும் கருத்தமைந்த பழமொழியொன்று இராஜஸ்தானில் வழங்குகின்றது. விழா ஆண்டின் தலையும் காலும் இவ்வொரு மொழியில் அடங்கின. சிராவணத்து வளர்பிறை மூன்றாம் நாளாகிய தீஜ் பெரும்பாலும் நமது ஆடியில் வரும். கோடையின் கொடுமை நீங்கி, மணலிற் புல் முளைக்கும் பருவம் அது. பார்வதி தேவி நெடுந்தவத்தின் பின் சிவபெருமானை அடைந்த நாளாக இதனைப் போற்றுவர். மரந்தோறும் ஊஞ்சல் கட்டப்படும். பெண்கள் அலையலையாக வண்ணக்கோடு தோய்த்த ‘லஹரியா’ ஆடை அணிவர். ‘கேவர்’ என்னும் இனிப்புப் பண்டம் வீடுதோறும் வழங்கும். 1727 இல் இரண்டாம் சவாய் ஜெயசிங்கன் அமைத்த ஜெய்ப்பூர் நகரில் தேவியின் திருவுருவம் வீதியுலா வரும்.

ஆநிரை காத்த வீரர்

மழைக்காலத்தை ஒட்டி வருவன நாட்டுத் தெய்வங்களின் விழாக்கள். இத்தெய்வங்களை ஆராயுமிடத்து ஒரு பொதுத்தன்மை புலனாகும். இவர்கள் பெரும்பாலும் முன்னொருகால் மனிதராய் வாழ்ந்து, ஆநிரையைக் காத்தற்பொருட்டு உயிர் நீத்த வீரர் என்பதே கதை.

நாகௌர்ப் பகுதியைச் சேர்ந்த தேஜாஜி, கள்வர் கவர்ந்த பசுக்களை மீட்கச் செல்லும் வழியில் ஒரு பாம்பு அவரைத் தீண்ட வந்ததாம். பசுக்களை மீட்டபின் தாமே திரும்பி வருவதாக அவர் வாக்களித்தார், அவ்வாறே வந்தார். மெய்யெங்கும் புண்பட்டிருந்தமையால் தீண்டுதற்கு இடமின்றிப் பாம்பு தயங்கிற்று. ஊறுபடாத தம் நாவை நீட்டினார் தேஜாஜி. வாக்குக் கொடுத்த நாவே வாக்கைக் காத்தது என்பது இக்கதையின் நயம். பர்பத்சர் என்னுமிடத்தில் அவர் பெயரால் மாட்டுச்சந்தை கூடுகின்றது.

பாபூஜி என்பார் தம் மணச்சடங்கு நிறைவுறுமுன் எழுந்து சென்று, பசு மீட்கும் போரில் மாய்ந்தவர். மார்வார் நாட்டுக்கு ஒட்டகத்தை முதன்முதற் கொணர்ந்தவர் இவரே என ஒட்டகம் வளர்க்கும் ரைக்கா மக்கள் நம்புவர். ஒட்டகம் நோயுற்றால் ‘போப்பா’ எனப்படும் பூசகப் பாடகரை அழைப்பர். அவர் பாபூஜியின் கதையை எழுதிய நீண்ட சித்திரத் துணியை விரித்து, இரவு முழுவதும் பாடுவார். அவர் மனைவி விளக்கேந்திச் சித்திரத்தைக் காட்டுவாள். அவர் கையிலுள்ள வில்லிசைக் கருவியின் பெயர் நமக்கு வியப்பளிப்பது: ‘ராவணஹத்தா’. இலங்கை வேந்தன் இராவணனே இதனை ஆக்கினான் என்பது அந்நாட்டு வழக்கு. பாலைநிலத்திலே ஒலிக்கும் இக்கருவியின் குடம் தேங்காய்ச் சிரட்டையால் ஆயது என்பதும் எண்ணத்தக்கது.

பொக்கரணுக்கு அண்மையிலுள்ள ராம்தேவ்ராவில் இராமதேவர் விழா பாத்திரபத வளர்பிறையில் நிகழும். அடியார்கள் நெடுந்தூரம் நடந்து வந்து துணியாற் செய்த குதிரை உருவங்களைக் காணிக்கையாக இடுவர். இந்துக்கள் தேவர் என்று வணங்கும் இவரை முஸ்லிம்கள் ராம்சா பீர் என்று போற்றுவர். சாதி வேற்றுமை பாராத இவருடைய அடியாருள் மேக்வால் குலத்து டாலிபாய் சிறந்தவர். அவருடைய சமாதியும் இவருடைய சமாதியின் அருகே உள்ளது.

புட்கரப் பெருஞ்சந்தை

விழாக்களுக்கெல்லாம் முடியாக விளங்குவது அஜ்மீரை அடுத்த புட்கர மேளா. பிரமதேவர் கைத்தாமரை வீழ்ந்த இடத்தில் ஊற்றெடுத்தது இப்பொய்கை என்பது புராணம். கரையைச் சூழ 52 படித்துறைகள் உள்ளன. பாரதநாட்டிற் பிரமனுக்கு அமைந்த சில கோயில்களுட் புகழ் மிக்கது இங்குள்ளதே. பிரமன் வேள்வி செய்தபோது சாவித்திரி தேவி வரத் தாழ்த்தமையால் காயத்திரியை அருகிருத்தினான் என்றும், சினந்த சாவித்திரி மலைமேல் சென்றமர்ந்தாள் என்றும் கூறுவர். அவள் கோயில் இன்றும் குன்றின் மீதே உள்ளது.

கார்த்திக வளர்பிறை ஏகாதசி முதற் பூரணை வரையுள்ள ஐந்து நாள்களும் தீர்த்தமாடும் நாள்கள். ஆயின் சந்தை அதற்கு முன்னரே தொடங்கிவிடும். தீபாவளி கழிந்ததும் மந்தைகள் ஊர்ப்புறத்து மணல்மேடுகளை அடையும். ஒட்டகங்களின் மயிரைக் கோலம்போலக் கத்தரித்து, மணியும் நூற்குஞ்சமும் அணிவிப்பர். வாங்குவோர் பல்லைப் பார்த்து வயதை மதிப்பர். நடக்கவிட்டுக் காலை நோக்குவர். சேணம், கயிறு, மணி, கம்பளம், வளையல் ஆகியவை விற்கும் கடைகள் வரிசையாக எழும். விலை பேசி முடித்தோர் பொய்கையில் நீராடி ஊர் திரும்புவர்.

இச்சந்தை இக்காலத்திற் கூடுதற்குக் காரணம் உண்டு. மழைப்புல் மேய்ந்து விலங்குகள் கொழுத்திருக்குங் காலம் இது. இனிப் புல் குறையும். ஆதலின் மிகையானவற்றை விற்றல் மந்தையோனுக்கு நலம். கம்பு அறுவடையான பின் உழவன் கையிற் பணம் இருக்கும். ஆதலின் வாங்குதல் அவனுக்கு எளிது. ரைக்கா மக்கள் பெண் ஒட்டகத்தைப் பிறருக்கு விற்பதைப் பண்டு பாவமாகக் கருதினர். இளம் ஆண் ஒட்டகங்களையே வண்டிக்கும் ஏருக்குமாக விற்றனர். புட்கரத்தில் ஒருமுறை பெற்ற பணமே குடும்பத்தின் ஆண்டுச் செலவுக்கு ஆதாரமாயிற்று.

வேணேசுவரமும் கணகௌரும்

மாகப் பூரணையை ஒட்டி, தெற்கே துங்கர்ப்பூர்ப் பகுதியில், மாஹி, சோம், ஜாக்கம் என்னும் ஆறுகள் கூடுமிடத்தில் வேணேசுவர மேளா நிகழும். பீல் பழங்குடியினர் திரள்திரளாக வந்து, இறந்தோரின் அஸ்தியை ஆற்றிற் கரைப்பர். இங்குள்ள சிவலிங்கத்தின் உச்சி பிளவுபட்டது. ஆயினும் அதனையே குறைவற வழிபடுவர். காலையிற் கண்ணீரோடு முன்னோரை வழியனுப்பியோர் மாலையில் இராட்டினத்தருகே பிள்ளைகளுடன் நிற்பதை அங்கே காணலாம்.

ஹோலிக்கு மறுநாள் தொடங்கிப் பதினெட்டு நாள் நிகழ்வது கணகௌர். கணன் என்றது சிவனை. கௌர் என்றது கௌரியை. கன்னியர் ஹோலித்தீயின் சாம்பலிற் கோதுமையும் வாற்கோதுமையும் விதைத்து முளைகட்டுவர். நம் கோயில்களிற் பாலிகையிடும் மரபை அறிந்தார்க்கு இது புதிதன்று. துளையிட்ட மட்பானையுள் விளக்கேற்றித் தலையிற் சுமந்து மாலைதோறும் தெருவிற் பாடிச் செல்வர். இறுதிநாளில் மண்ணுருவங்களை நீரிலிட, விழா ஆண்டும் நிறைவெய்தும். பின்னர் வருவது வெங்கோடை.

சந்தை தேய்ந்த கதை

இவ்வளவும் கூறியபின் ஓர் உண்மையை மறைத்தல் முறையன்று. புட்கரத்திற் தீர்த்தமாடுவோர் தொகை குன்றவில்லை; சந்தைக்கு வரும் ஒட்டகங்களின் தொகையோ குன்றிவிட்டது. கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2012 இல் நான்கு இலட்சமாயிருந்த ஒட்டகங்கள் 2019 இல் இரண்டரை இலட்சமாயின. இராஜஸ்தானில் மட்டும் ஏறக்குறைய 3.26 இலட்சம் 2.13 இலட்சமாகக் குறைந்தது.

காரணம் பல. தார்ச்சாலையும் பாரவண்டியும் உழவுயந்திரமும் ஒட்டகத்தின் வேலையைக் கவர்ந்தன. 1958 இற் பணி தொடங்கிப் பின்னர் இந்திரா காந்தியின் பெயர் பெற்ற கால்வாய் பாலையை வயலாக்கிற்று. வயலானவிடத்து மேய்ச்சல் இல்லை. 2014 இல் அரசு ஒட்டகத்தை மாநில விலங்காக்கிச் சிறப்புச் செய்தது. 2015 இல் அதனைக் கொல்வதைத் தடுத்து, மாநிலத்துக்கு வெளியே கொண்டு செல்வதையும் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றிற்று. நோக்கம் நன்று. ஆயின் வெளியூர் வணிகர் வரத்து அருகவே விலை வீழ்ந்தது. விலை வீழவே, விற்றுப் பிழைத்தோர் வளர்ப்பதைக் கைவிடலாயினர். காக்க எண்ணிய சட்டம் காத்துவந்தவன் கையைத் தளர்த்திற்று என்று வளர்ப்போர் முறையிடுவதில் நியாயமில்லை என்று கூற முடியாது.

இதற்கிடையே மேளா வேறொரு வடிவம் பெற்றது. மீசைப் போட்டியும் வான்குண்டுச் சவாரியும் வந்தன. ஒட்டகம் வாங்க வருவோரினும் அதனைப் படம்பிடிக்க வருவோர் மிக்கனர். ஒரு சாரார் ஒட்டகப் பால் விற்பனையால் இத்தொழிலை நிலைநிறுத்த முயல்கின்றனர். பால் விற்றல் ஆகாது என்ற பழைய வழக்கைக் கொண்ட மக்கள் ஒட்டகம் வாழவேண்டும் என்பதற்காக அவ்வழக்கைத் தளர்த்தினர். மரபைக் காத்தற்கு மரபின் ஒருகூற்றை விட நேர்தல் எளிய முடிவன்று.

இந்நாட்டு விழாக்களினின்றும் நாம் கற்பது இதுவே. விழா கோயிலால் மட்டும் நிலைபெறுவதன்று. அவ்விழாவுக்கு வரும் மக்களின் தொழிலாலும் நிலைபெறுவது. தொழில் அழிந்த பின்னும் திருநாள் வரும், விளக்கேற்றப்படும், தீர்த்தமும் நடைபெறும். ஆயின் ஆநிரை காத்து மாண்ட வீரனின் கதையை ஆநிரையில்லாதார் கேட்கும்போது, அது வெறுங்கதையாகிவிடும். ஆதலின் ஒரு விழாவைக் காணச் செல்லும் மாணாக்கன் கோபுரத்தையும் தேரையும் நோக்குவதோடு அமையாது, வீதியோரக் கடைகளையும் நோக்குவானாக. அங்கே முன்னர் என்ன விற்கப்பட்டது, யார் விற்றனர், அவர் இன்று எங்கே என்று முதியோரை வினவுவானாக. அவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையே அவ்விழாவின் வரலாற்றிற் பாதியாகும்.