பரீட்சை மண்டபத்தில் மறந்துபோகும் பாடம்

"எல்லாம் படிச்சவள்தான். உள்ளுக்குப் போனதும் ஒண்டும் நினைவு வரேல்லையாம்." தாதியர் பயிற்சிக்கு மகளை அனுப்பிய தாய்மார் பலர் எம்மிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். இதைச் சாட்டு என்று தள்ளிவிட முடியாது. ஓரளவு பதற்றம் படிக்கத் தூண்டும். அது மிஞ்சும்போது, விடையைத் தேடவேண்டிய மனம் "தவறிவிட்டால் என்ன செய்வது" என்ற யோசனையிலேயே செலவாகிவிடுகிறது.

தாதிய மாணவிக்கு எழுத்துப் பரீட்சை மட்டுமல்ல, செய்முறைப் பரீட்சையும் உண்டு. பரீட்சகர் பக்கத்தில் நின்று பார்க்க, காயத்துக்கு மருந்து கட்டவேண்டும். ஊசிமருந்தின் அளவைக் கணக்கிடவேண்டும். அளவு பிழைத்தால் நோயாளிக்கு ஆபத்து என்பதும் அவளுக்குத் தெரியும். காணியையும் கிணற்றையும் விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இன்னொரு பாரமும் சேர்கிறது. "உன்னைத்தான் நம்பியிருக்கிறம்" என்று நாம் அன்போடுதான் சொல்கிறோம். அவள் அதைக் கடனாகச் சுமக்கிறாள்.

குறிப்புப் புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பது போதாது. 2006 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், மீண்டும் வாசித்தவர்களைவிடப் புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரத்தின் பின் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். ஆகவே விடுமுறையில் வரும் மகளிடம் கேள்வி கேளுங்கள். "நான் படிக்காதவன், எனக்கென்ன தெரியும்" என்று தகப்பன்மார் ஒதுங்க வேண்டியதில்லை. 10 லீற்றர் தண்ணீருக்கு 25 மில்லிலீற்றர் கிருமிநாசினி என்றால், 16 லீற்றர் தாங்கிக்கு 40 என்று கணக்குப் பார்த்துத் தெளித்தவர்கள்தானே நீங்கள்! 10 மில்லிலீற்றரில் 500 மில்லிகிராம் மருந்து இருக்கிறது, நோயாளிக்கு 150 மில்லிகிராம் வேண்டும், எவ்வளவு எடுப்பாய்? விடை 3 மில்லிலீற்றர். கணக்கு ஒரே மாதிரியானதுதான்.

செய்முறைக்கு அம்மா நோயாளியாகப் படுக்கட்டும், தம்பி மணிக்கூட்டோடு பார்த்து நிற்கட்டும். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் பிறர் பார்க்கக் கைநடுங்காமல் வேலைசெய்யும் பழக்கம் அப்படித்தான் வரும்.

பரீட்சைக்குச் சற்று முன் தன் பயங்களை 10 நிமிடம் தாளில் எழுதுவதும் உதவும். பதற்றம் கூடிய மாணவர்கள் இப்படி எழுதியபின் கூடுதல் புள்ளி பெற்றதை 2011 இல் சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். எழுதியதை எவரும் வாசிக்கத் தேவையில்லை. வினாத்தாள் கைக்கு வந்ததும் மூச்சை மெதுவாக, நீளமாக நாலைந்து தடவை வெளியே விட்டு, தெரிந்த கேள்வியில் தொடங்கட்டும்.

நாட்கணக்கில் உறக்கமின்றி, உணவு இறங்காமல் இருந்தால் விரிவுரையாளரிடமும் வைத்தியரிடமும் சொல்லவேண்டும். பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.