கோடிக்கரைக்குப் புறப்படுகிறவர்களுக்கு: ஐப்பசி முதல் தை வரை

புரட்டாசி வெயில் தணிந்து, மேட்டூரில் திறந்த தண்ணீர் ஒருவாறு கடைமடை வாய்க்கால்களையும் எட்டி, நட்ட சம்பாப் பயிர் வேர்பிடித்துப் பச்சை காட்டத் தொடங்கும் இந்த நாட்களில், பழைய தஞ்சை ஜில்லாவின் தென்கிழக்குக் கோடியிலே, வங்கக் கடல் மேற்கே மடங்கிப் பாக்கு நீரிணையாகும் மூலையிலே, வேறொரு வரவும் தொடங்கிவிடுகிறது. வட சைபீரியாவின் உறைபனிப் பிரதேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டுக் கிளம்பிய உள்ளான்களும், அவற்றோடு ஆலாக்களும், ஊசிவால் வாத்துகளும், கூட்டங்கூட்டமாகப் பூநாரைகளும் கோடிக்கரைச் சதுப்பில் வந்து இறங்குகின்றன. துலா ஸ்நானத்துக்காக ஜனங்கள் மாயவரத்துத் துறையை நாடிப் போகிற அதே மாதத்தில், காவிரியின் வடிகால்கள் கடைசியாகக் கடலோடு கலக்கும் சேற்று வெளியை இந்தப் பட்சிகள் நாடி வருகின்றன.

அவற்றைக் காண நீங்களும் வருவீர்கள், அவசியம் வரவேண்டும். ஆனால் சென்ற பருவத்தில் இக்கரையில் நேர்ந்தவற்றைக் கண்ணெதிரே கண்டவன் என்ற முறையில், சில விஷயங்களை இப்போதே சொல்லிவிட விரும்புகிறேன். பல, சாதாரண ஏற்பாடுகள். ஒன்று, உயிர் சம்பந்தப்பட்டது. அந்த ஒன்றை முதலிலேயே எழுதிவிடுகிறேன்:

சதுப்பில் காலை வைக்காதீர்கள்.

வந்து காணத்தக்கது என்ன?

வனவிலங்கு யாத்திரை என்றதும், சற்று வசதி படைத்தவர்களின் மனம் ஆப்பிரிக்காவுக்குப் பறக்கிறது. தான்சானியாவின் செரெங்கெட்டி, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் ஆகிய தேசியப் பூங்காக்களுக்குப் போய்வர லட்சக்கணக்கில் செலவிட்டு ஆறு மாதம் முன்னதாகவே திட்டமிடுகிறார்கள், அதில் தவறொன்றுமில்லை. ஆயினும், அந்தப் புல்வெளிகளில் துள்ளும் சிறு மான்களுக்கு நெருங்கிய உறவான வெளிமான், தஞ்சாவூரிலிருந்து காலையில் கிளம்பினால் மத்தியானத்துக்குள் கண்டுவிடக்கூடிய தூரத்திலே மேய்ந்துகொண்டிருக்கிறது என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? முறுக்கிய கொம்பும், கரிய முதுகும், வெள்ளை வளையமிட்ட கண்களும் கொண்ட அந்த ஆண்மான் புல்வெளியில் தலைநிமிர்ந்து நிற்கும் கம்பீரத்தை ஒருமுறை கண்டவர் மறக்கமாட்டார். இந்த மானைக் காப்பதே பிரதான நோக்கமாக 1967ஆம் ஆண்டு இங்கே சரணாலயம் ஏற்பட்டது. பாலை மரமும் உகாவும் அடர்ந்த வறண்ட பசுமைமாறாக் காடு, இடையிடையே புல்தரை, அப்பால் உப்பங்கழி, அதற்கும் அப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் விரியும் பெரிய வேதாரண்யம் சதுப்பு என்று இத்தனையும் ஒரே இடத்தில் அமைந்திருக்கும் அபூர்வத்தைக் கருதியே, 2002ஆம் ஆண்டு ஆகஸ்டில் 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பதிற்றாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் போக்குவரத்தை ஆராய்ந்து வருகிறார்கள்.

எப்போது வருவது?

ஐப்பசி, கார்த்திகை: பறவைகள் வந்து சேரும் காலம், ஆனால் அடைமழையும் புயலும் கூடவே வரும் காலம். அவசரமில்லாதவர்கள் மார்கழிப் பிற்பகுதியிலிருந்து தை முடிய வாருங்கள். மழை ஓய்ந்திருக்கும், பாதை இறுகியிருக்கும், பறவைகளும் நிறைந்திருக்கும்.

நாகைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் புறப்படாதீர்கள். வழியில் செய்தி கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி விடியுமுன் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியபோது, தலைமுறை தலைமுறையாக நின்ற மரங்கள் இக்காட்டில் வேரோடு சாய்ந்தன. மான்களும் மட்டக்குதிரைகளும் மாண்டன. ஓடத் தெரிந்த மிருகத்துக்கே ஒதுங்க இடமில்லாமற்போன இடத்தில் குடும்பத்தோடு வந்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

சில ஏற்பாடுகள்

அனுமதி, கட்டணம், நேரம் ஆகியவற்றை நாகப்பட்டினம் வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறியுங்கள். தங்க விரும்புவோர் வனத்துறை விடுதிக்கு முன்பதிவு செய்துகொள்ளுங்கள். ரயிலில் வருவோர் திருத்துறைப்பூண்டியில் மாறி அகஸ்தியம்பள்ளி வரை வரலாம். 2023 ஏப்ரலில் அகலப்பாதையில் வண்டி மறுபடியும் ஓடத் தொடங்கியிருக்கிறது. சாலை வழியே வருவோர் வேதாரண்யத்தில் பெட்ரோலும் குடிநீரும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

காட்டுக்குள் விடியற்காலையிலும் சாயங்காலத்திலும் இருங்கள். நடுப்பகலில் மான் நிழலில் படுத்திருக்கும். மங்கிய நிற உடை, முழுக்கை, தொப்பி, பைனாகுலர், மழைக்கோட்டு. குடிநீர் எவர்சில்வர் பாத்திரத்தில். பிளாஸ்டிக் பை ஒன்றுகூட வேண்டாம். உப்புச்சுவை ஒட்டிய பையை மான் தின்னும், தின்றால் சாகும். குரங்குக்குத் தீனி போடாதீர்கள். க்ரூகர் பூங்காவில் தார்ச்சாலையிலேயே மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. நம் காட்டுப் பாதையில் அதில் பாதி வேகம் போதும். ஹாரன் அடிக்காதீர்கள். வழிகாட்டியைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இவ்வளவும் சொன்னால் புரிந்துகொள்கிறார்கள். அடுத்ததைச் சொன்னால்தான் தலையை ஆட்டிவிட்டு, பூநாரையைக் கண்டதும் மறந்துவிடுகிறார்கள்.

சேறு

க்ரூகரில் குறித்த இடங்களைத் தவிர மற்ற இடங்களில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்பது விதி. அங்கே யாரும் அதை மீறத் துணிவதில்லை. காரணம், புதருக்குள் சிங்கம் இருக்கலாம். இங்கே சிங்கம் இல்லை, சிறுத்தை இல்லை, ஆகவே பயமும் இல்லை என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அந்த எண்ணமே விபரீதத்துக்கு வித்து. கோடிக்கரையில் சிங்கத்தின் ஸ்தானத்தில் இருப்பது சேறு. அது உறுமுவதில்லை, துரத்துவதில்லை, நீங்களாக வரும்வரையில் காத்திருக்கிறது.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. 'பொன்னியின் செல்வன்' நாவலில் வந்தியத்தேவன் இதே கோடிக்கரையில் புதைசேற்றில் சிக்கியதையும், பூங்குழலி அவனைக் கரையேற்றியதையும் படிக்காதவர் நம்மில் குறைவு. கதையில் ரசித்துப் படித்ததைக் கரையில் வந்து நின்றதும் ஏன் மறக்கிறீர்கள்? ஆழம் அறியாமல் காலை விடாதே என்று பாட்டிமார் சொன்னதும் இதைத்தானே?

வெளியூர்க்காரர்களைவிட நம் டெல்டாக்காரர்களைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். பிறந்தது முதல் சேற்றில் உழன்றவர்கள் நாங்கள், எங்களுக்கா சேறு தெரியாது என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். ஐயா, உங்கள் வயலின் சேறு வேறு, இது வேறு. ஆண்டாண்டாக உழுது, பரம்படித்து, மிதிபட்ட வயலில் மேற்சேற்றுக்கு அடியில் ஒரு கெட்டித் தரை உண்டு. முழங்காலுக்குள் பாதம் அதைத் தொட்டுவிடும், அதன்மேல் நின்றுகொண்டுதான் நீங்கள் நாற்று நடுகிறீர்கள். சதுப்பிலோ முள்ளியாறும் மாணங்கொண்டான் ஆறும் மற்ற வடிகால்களும் கொண்டுவந்து சேர்த்த நுண்ணிய வண்டல், கடல்நீரில் ஊறி, யாரும் உழாமல் மிதிக்காமல் படிந்து கிடக்கிறது. பல இடங்களில் அதற்கு அடியில் பாதம் ஊன்றத் தரை கிடையாது. மேலே வெயிலில் காய்ந்து உப்புப் பூத்து வெள்ளையாக இறுகிய ஒரு பொருக்கு மட்டும் இருக்கும். அது நாரையைத் தாங்கும், நரியையும் தாங்கும், உங்களைத் தாங்காது.

சென்ற மார்கழியில் நடந்ததைச் சொல்கிறேன். நெல் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வாலிபர், பூநாரைக் கூட்டத்தைக் கிட்டப்போய்ப் படமெடுக்க வேண்டுமென்று, வழிகாட்டி கூவக் கூவ நடந்தார். முதல் ஐம்பது அடி கெட்டியாகவே இருந்தது. அந்த ஐம்பது அடிதான் அவரை ஏமாற்றிற்று. அடுத்த அடியில் முழங்கால், உருவ முயன்றதில் தொடை, பதறி இழுத்ததில் இடுப்பு. ஓதம் ஏறத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கம் வலை காயவைத்துக்கொண்டிருந்த மீனவர் இருவர் பலகையும் கயிறும் கொண்டு ஓடிவந்து, அவரை மீட்பதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. காமிரா போயிற்று, செருப்புப் போயிற்று. உயிர் தப்பியது அந்த மீனவர்கள் செய்த புண்ணியம். கரையில் நின்ற தாயாரின் அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. கலைந்தெழுந்த பூநாரைகளோ மூன்று நாட்கள் அந்தப் பக்கமே இறங்கவில்லை. அவர் எடுக்க நினைத்த படத்தை அவருக்குப் பின்வந்த நூறு பேரும் காணமுடியாமற்போயிற்று.

இதில் பட்சிகளுக்கு நேரும் ஹானியையும் எண்ணிப் பாருங்கள். சின்ன உள்ளான் ஒன்றின் எடை சுமார் 25 கிராம்தான்; ஒரு கைப்பிடி அரிசிக்கும் குறைவு. அவ்வளவு சிறிய உடம்பு ஆயிரக்கணக்கான மைல் பறந்துவந்து, பங்குனிக்குப் பிறகு அவ்வளவு தூரமும் திரும்பிப் பறப்பதற்கான கொழுப்பை இந்தச் சேற்றுப் புழுக்களைக் கொத்தித்தான் சேகரிக்கவேண்டும். நீங்கள் ஒருமுறை உள்ளே நடந்து அதைக் கிளப்பினால், அது சேர்த்துவைத்த பலத்தில் ஒரு பங்கை வீணே செலவழிக்கச் செய்கிறீர்கள். காலையில் ஒருவர், பகலில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று கிளப்பிக்கொண்டேயிருந்தால், அது எதை உண்டு, எந்தப் பலத்தில் ஊர் திரும்பும்?

ஆகவே மறுபடியும் சொல்கிறேன்: சதுப்பில் காலை வைக்காதீர்கள். கெட்டியாகத் தோன்றினாலும் வைக்காதீர்கள். வேறொருவரின் காலடித் தடம் தெரிந்தாலும் வைக்காதீர்கள். அவர் திரும்பிவந்த தடம் தெரிகிறதா என்று பாருங்கள். குழந்தையின் பந்து உருண்டோடினால் பந்து போகட்டும். தொப்பி பறந்தால் தொப்பி போகட்டும்.

சிக்கிக்கொண்டால்

சேறு மனிதனைத் தலைவரை விழுங்கிவிடும் என்பது பெரும்பாலும் கற்பனை. உண்மையில் அது பிடித்து நிறுத்திவிடுகிறது. களைப்பும் ஏறிவரும் தண்ணீரும் மீதிக் காரியத்தைச் செய்கின்றன. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் மிகும். காற்றுத் திசை மாறினாலே ஆழமற்ற உப்பங்கழி நீர் சேற்றுவெளி மீது பரவிவிடும்.

சிக்கியவர் கால்களை வேகமாக இழுக்கக் கூடாது. இழுக்க இழுக்க இறுகும். தோள்பையை எறிந்துவிட்டு, கைகளை விரித்துப் பின்புறமாகச் சாய்ந்து, உடம்பின் பாரத்தைப் பரப்பவேண்டும். ஒரு காலை மட்டும் மெல்ல மெல்ல அசைத்து, சேற்றுக்குள் நீர் இறங்க இடங்கொடுத்து விடுவிக்கவேண்டும். கரையில் நிற்பவர் ஓடிப்போய்க் கைகொடுக்கக் கூடாது. அப்படிப் போனால் சிக்குபவர் இருவராவர். கயிறோ, முடிந்த வேட்டியோ, புடவையோ எறியுங்கள். பலகையும் பனைமட்டையும் பரப்பி, அவற்றின்மேல் படுத்தபடி நெருங்குங்கள். வனக்காவலரையும் மீனவரையும் உடனே கூப்பிடுங்கள்.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டோம், இனி இறங்கலாம் என்று யாரும் எண்ணவேண்டாம்.

கரையில் நிற்பவருக்கு

கிட்டப்போனால்தான் நன்றாகத் தெரியும் என்பது சதுப்பைப் பொறுத்தவரை பொய். ஓதம் ஏறும் வேளையில், சேற்றின் நடுவில் மேய்ந்த பறவைகள் தண்ணீருக்கு ஒதுங்கி அடியடியாகக் கரைப்பக்கம் வந்துகொண்டேயிருக்கும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி, ஒரு புதரை ஒட்டி, பேசாமல், அரைமணி நேரம் உட்கார்ந்திருங்கள். கவிழ்த்த அலகால் பூநாரை நீரை வடிகட்டி இரை எடுப்பதும், உள்ளான்கள் ஒரே உடம்புபோலத் திரும்பி இறங்குவதும், கரண்டிவாயன் தலையைப் பக்கவாட்டில் வீசி வீசி நடப்பதும், துரத்திப் போனவருக்குக் கிட்டாத அண்மையில், காத்திருந்தவருக்குக் கிட்டும். சென்ற ஆண்டு அந்த வாலிபர் அரைமணி பொறுத்திருந்தால், ஏறிய அதே ஓதம் பூநாரைகளை அவர் நின்ற கரைக்கே கொண்டுவந்திருக்கும்.

வீட்டை விட்டுக் கிளம்புமுன் அனுமதி, குடிநீர், பைனாகுலர், வானிலைச் செய்தி, திரும்பும் நேரம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். வண்டியில் பத்து பாகம் நீளத்துக்கு ஒரு நல்ல கயிறு போட்டுக்கொள்ளுங்கள். கூட வருகிற ஒவ்வொருவருக்கும், விசேஷமாகப் பிள்ளைகளுக்கு, வேதாரண்யம் தாண்டுமுன் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்: சதுப்பில் காலை வைக்கக் கூடாது.